நகச்சுற்று: தாய்க்கு ஒரு மருத்துவம், மகனுக்கு வேறொரு மருத்துவம்

கேள்வி: நானும் என் கணவரும் காட்பாடியில் கல்லூரி மாணவர்களுக்காக மெஸ் நடத்துகிறோம். எனக்கு வயது 46. எட்டு மாதங்களாக வலது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றிலும் நகத்தைச் சுற்றியுள்ள தோல் தடித்துச் சிவந்திருக்கிறது. சில நாள் குறைகிறது; மாவு கரைத்து, பாத்திரம் தேய்த்த மறுநாள் மீண்டும் வீங்குகிறது. நகம் மேடு பள்ளமாகிவிட்டது. நடுவிரல் நகத்தின் ஓரம் பச்சையும் கறுப்புமாக இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த களிம்பைத் தடவினால் நான்கு நாள் நன்றாக இருந்து பிறகு பழையபடி ஆகிறது. பூஞ்சைக்கு என்று வாரம் ஒன்றாக மாத்திரையும் சாப்பிட்டேன். பக்கத்து வீட்டம்மா எலுமிச்சம்பழம் சொருகச் சொல்கிறார். தெரிந்த ஒருவர் நகத்தையே எடுத்துவிட வேண்டும் என்கிறார். இப்போது, நகம் கடிக்கும் பழக்கமுள்ள என் மகனுக்கும் (வயது 19) இரண்டு நாளாக இடது கட்டைவிரலில் நகச்சுற்று வந்து, இரவெல்லாம் தூங்காமல் துடிக்கிறான். என்னிடமிருந்து அவனுக்கு ஒட்டிக்கொண்டதா? தை மாதம் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம். அதற்குள் என் நகம் சரியாகுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மகனுடைய விரலைப் பற்றி முதலில் எழுதுகிறேன். உங்களுடையது எட்டு மாதம் பொறுத்தது, அவனுடையது தாமதமின்றி ஒரு மருத்துவர் பார்க்க வேண்டியது. இந்தப் பதிலை நீங்கள் படிப்பதற்குள் அது தானாக உடைந்திருக்கலாம், அல்லது மருத்துவமனையில் சீழ் எடுக்கப்பட்டிருக்கலாம். ஆனாலும் நகம் கடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது திரும்ப வரக்கூடியது என்பதால் முறையாகவே சொல்கிறேன்.

உங்களிடமிருந்து அவனுக்கு ஒட்டவில்லை. இருவருக்கும் வந்திருப்பதை ஊரில் நகச்சுற்று என்று ஒரே பெயரால் அழைக்கிறோம். மருத்துவர்களும் ஏறக்குறைய அப்படித்தான் எழுதுகிறோம். ஆனால் திடீரென்று வந்து சில நாட்களில் பழுத்துவிடும் நகச்சுற்றும், ஆறு வாரத்தைத் தாண்டி மாதக்கணக்கில் நீடிக்கும் நகச்சுற்றும் காரணத்திலும் மருத்துவத்திலும் ஒன்றுக்கொன்று எதிரானவை. மகனுக்குத் தேவை, சீழ் இருந்தால் அது வெளியேறுவது. உங்களுக்குத் தேவை, கை உலர்ந்திருப்பது. அவனுக்குப் பயன்படக்கூடிய ஆன்டிபயாடிக் மாத்திரை உங்கள் விரலில் பெரிதாக எதையும் மாற்றாது. உங்களுக்குத் தர வேண்டிய, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு களிம்பை அவன் விரலில் தடவினால் தொற்று அடங்காமல் உள்ளே பரவ வழி ஏற்படும். ஒரே வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பேருக்கு வந்திருப்பதால், ஒருவருக்கு எழுதிக் கொடுத்த மருந்தை மற்றவர் எடுத்துப் போட்டுக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். இவ்வளவு விரிவாக எழுத அதுவே காரணம்.

நகம் தோலுக்குள்ளிருந்து வெளிவரும் இடத்தில், நகத்தின் மேல் ஒட்டினாற்போல மெல்லிய, நிறமற்ற ஒரு தோல்படலம் இருக்கும். கியூட்டிக்கிள் என்று அழகு நிலையங்களில் தள்ளியும் வெட்டியும் எடுப்பது அதைத்தான். உங்கள் சமையலறையில் குக்கருக்கு கேஸ்கட் எப்படியோ, நகத்துக்கு அது அப்படி: நகத்துக்கும் அதன் மேல் மடிந்திருக்கும் தோலுக்கும் நடுவே உள்ள இடுக்கில் தண்ணீரும் கிருமியும் இறங்காமல் அடைத்து வைத்திருக்கிறது. மகனுக்கு அந்த அடைப்பு ஓரிடத்தில் கிழிந்திருக்கிறது. உங்களுக்கு அது மூன்று விரலிலும் முழுவதுமாகவே அழிந்துபோயிருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு, பாதிக்கப்படாத இடது கைச் சுண்டுவிரலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நீங்களே கண்டுகொள்ளலாம்.

நகத்தைக் கடிப்பவர்களும், நகக்கண்ணில் பிய்ந்து நிற்கும் தோலைப் பல்லால் இழுப்பவர்களும் இரண்டு வகைக் கிருமிகளுக்கு வழி திறந்து விடுகிறார்கள். ஒன்று, தோலில் சாதாரணமாகவே வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. திடீர் நகச்சுற்றுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மற்றொன்று, எச்சிலில் இருக்கும், காற்றில்லாத இடத்திலும் வளரக்கூடிய வாய்க் கிருமிகள். வழக்கமாகக் கொடுக்கும் செஃபலெக்சின், க்ளாக்சசிலின் போன்ற மருந்துகள் முதல் வகைக்குப் போதுமானவை. இரண்டாவது வகையும் சேர்ந்திருக்கலாம் என்று தோன்றினால் அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையைத் தேர்ந்தெடுப்போம். ஆகவே, மருத்துவரிடம் போகும்போது மகன் வெட்கப்படாமல் நகம் கடிப்பதைச் சொல்லிவிட வேண்டும். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

வெறும் சிவப்பும் வலியும் மட்டும் உள்ள முதல் ஒன்றிரண்டு நாளில், வெதுவெதுப்பான நீரில் பத்துப் பதினைந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை விரலை வைத்தெடுத்து, நன்றாகத் துடைத்து, மியூபிரோசின் அல்லது ஃபியூசிடிக் அமிலக் களிம்பு தடவினாலே பலருக்கு அடங்கிவிடும். மஞ்சள் போட்ட வெந்நீர் வைப்பதை நான் தடுப்பதில்லை. அங்கே வேலை செய்வது பெரும்பாலும் வெந்நீர்தான் என்பது என் எண்ணம். ஆனால் விண்விண்ணென்று தெறிக்கும் வலியில் தூக்கம் கெட்டுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நிலையில் சீழ் கட்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். கட்டிய சீழை மாத்திரை கரைக்காது.

சீழ் இருக்கிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பாதித்த கட்டைவிரலின் சதைப்பகுதியால் அதே கையின் ஆள்காட்டி விரலை இலேசாக அழுத்தச் சொல்வோம்; நகத்தைச் சுற்றியுள்ள சிவந்த தோலில், சீழ் தேங்கியிருக்கும் பரப்பளவுக்கு மட்டும் வெளுத்துக் காட்டும். அதிலும் ஐயம் இருந்தால் அல்ட்ராசவுண்ட் பார்க்கலாம், எப்போதும் தேவைப்படுவதில்லை. சீழ் எடுப்பது பத்து நிமிட வேலை. விரலின் அடியில் இரு பக்கமும் லிக்னோகெயின் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, நகத்துக்கு இணையாகப் பிடித்த மெல்லிய கத்தி முனையையோ ஊசி முனையையோ நகத்துக்கும் தோல் மடிப்புக்கும் நடுவே நுழைத்து மடிப்பைச் சற்றுத் தூக்கினால் சீழ் வெளியே வந்துவிடும். பெரும்பாலானவர்களுக்குத் தோலை வெட்டவேண்டிய தேவையே இருக்காது. நகத்துக்கு அடியிலும் சீழ் இறங்கியிருந்தால் மட்டும் நகத்தின் ஒரு பகுதியை எடுப்போம். நன்றாகச் சீழ் வெளியேறிய பிறகு, வேறு நோயில்லாத இளைஞருக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படாமலும் போகலாம். சிவப்பு விரலில் பரவியிருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ கட்டாயம் கொடுக்க வேண்டும். முள்ளோ கம்பியோ குத்தி வந்ததாக இருந்தால் டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்பதையும் கேட்போம்.

இதையெல்லாம் தையல் ஊசியை அடுப்பில் காட்டி வீட்டிலேயே செய்துகொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது என்பதற்கு வழக்கமான சுத்தக் காரணத்தைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது. ஹெர்பிஸ் வைரஸாலும் விரல் நுனியில் இப்படியே சிவந்து வீங்கும்; அதில் சீழுக்குப் பதிலாகக் கொத்துக் கொத்தாகத் தெளிந்த நீர் கொண்ட சிறு கொப்புளங்கள் இருக்கும், அவை தோன்றுவதற்கு முன்பே விரலில் எரிச்சலும் குறுகுறுப்பும் வந்திருக்கும். வாயோரத்தில் அக்கி போன்ற கொப்புளம் வந்திருந்த நாட்களில் நகம் கடிப்பவர்களுக்கும் விரல் சூப்பும் குழந்தைகளுக்கும் வருவது இது. இதைக் கீறினால் பயன் ஏதும் இல்லாததோடு, வைரஸ் பரவவும் அதன் மேல் பாக்டீரியா சேரவும் வழியாகும். கீறக்கூடாத ஒரே நகச்சுற்று என்று மாணவர்களுக்கு நாங்கள் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

வீக்கம் நகத்தைச் சுற்றி நில்லாமல் விரல் நுனியின் சதைக்குள் இறங்கி, அந்தச் சதை கல்லுப்போல் இறுகினால் அது வேறு நோய். அங்கே தோலையும் எலும்பையும் இணைக்கும் குறுக்குத் திசுக்கள் அறை அறையாக இருப்பதால் அழுத்தம் வேகமாக ஏறி, எலும்புக்குள்ளும் சீழ் வைக்கக்கூடும். விரல் முழுவதும் வீங்கி, சற்று மடங்கிய நிலையிலேயே நின்று, உள்ளங்கைப் பக்கம் நெடுகத் தொட்டால் வலித்து, நிமிர்த்தினால் உயிர்போகிற வலி எடுத்தால் தசைநாண் உறைக்குள் தொற்று போய்விட்டது என்று பொருள். இந்த இரண்டிலும் விடியட்டும் என்று காத்திருக்காமல், இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கையில் சிவப்புக் கோடு மேலேறுவதும், நடுக்கத்தோடு காய்ச்சல் வருவதும் அதே வரிசையில் வைக்க வேண்டியவை.

எலுமிச்சம்பழத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். குளிர்ச்சிக்காக ஓர் இரவு சொருகி வைத்த எல்லோருக்கும் கேடு வந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மகனுக்கு அது சீழ் எடுக்க வேண்டிய நாளைத் தள்ளிப் போடும். உங்களுக்கோ, ஏற்கெனவே காப்பு இழந்து புண்ணாகியிருக்கும் தோலை அமிலத்தில் மணிக்கணக்கில் ஊற வைப்பதாகும். போதாக்குறைக்கு, எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்ததுபோல் சிவந்து, பின்னர் மாதக்கணக்கில் மறையாத கறுப்புத் தழும்பு விழுவதுண்டு. வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் உங்கள் வீட்டில் நூற்றுக்கணக்கான தட்டுகளுக்குச் சோறு போகிறது. ஸ்டெஃபைலோகாக்கஸ் உணவில் விழுந்து, அந்த உணவு சூடு ஆறிய நிலையில் சில மணி நேரம் இருந்தால், கிருமி பெருகி ஒரு நச்சுப் பொருளைச் சுரக்கும். மறுபடி கொதிக்க வைத்தால் கிருமி சாகும். அந்த நச்சு சாகாது. சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் ஒரே பந்தியில் பலருக்கு வாந்தி எடுப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். தயிர்சாதம், சட்னி, கையால் பிசைந்து ஆற வைக்கும் பண்டங்கள் ஆகியவற்றில் இந்த ஆபத்து அதிகம். ஆகவே சீழ் முழுவதும் நின்று தோல் மூடும்வரை மகன் பரிமாறவோ, காய் நறுக்கவோ வேண்டாம், கல்லாவில் உட்காரட்டும்.

இன்னோர் எச்சரிக்கை, வேலூர்ப் பகுதியில் எழுதுவதால் விட முடியாதது. வெந்நீர் வைக்கச் சொல்லும்போது, சர்க்கரை நோயாலோ முன்பு வந்து குணமான தொழுநோயாலோ விரலில் உணர்ச்சி குறைந்தவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் தாங்களே சூடு பார்த்துக் கையை விடக்கூடாது. வேறொருவர் முழங்கையால் சூடு பார்த்துக் கொடுக்க வேண்டும். விரல்கள் தேய்ந்து குறைவதற்குக் காரணம் தொழுநோய்க் கிருமி நேராகச் சதையைத் தின்பது அல்ல, உணர்ச்சியற்ற கையில் தெரியாமல் படும் தீப்புண்ணும் காயமும் அவற்றில் சேரும் தொற்றுமே என்பதை உலகுக்கு எடுத்துக் காட்டியதில் வேலூர் சி.எம்.சி.யில் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) பணியாற்றிய அறுவை மருத்துவர் டாக்டர் பால் பிராண்டுக்கும், 1955-ல் தொடங்கப்பட்ட கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்துக்கும் பெரும் பங்கு உண்டு. வலிக்காத நகச்சுற்று என்று ஒருவர் வந்தால், நாங்கள் நகத்தைப் பார்ப்பதற்கு முன் விரலின் உணர்ச்சியைச் சோதிப்பது அதனால்தான்.

இனி உங்கள் விரல்கள். மூன்று விரல்கள், எட்டு மாதம், தண்ணீரில் வேலை செய்த மறுநாள் வீக்கம், மேடு பள்ளமான நகம் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படிக்கும்போதே நோயின் பெயரை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். இது நாள்பட்ட நகச்சுற்று. இதற்கு மூல காரணம் கிருமி அல்ல, தண்ணீரும் சோப்பும். ஒரு நாளில் பலமுறை நனைந்து காய்ந்து நனையும் தோல் ஊறித் தளர்கிறது. பாத்திரம் தேய்க்கும் சோப்பும், புளியும், தக்காளியும், புளித்த மாவும் அதன் மேல் எரிச்சலை உண்டாக்குகின்றன. நகத்தை அடைத்திருந்த தோல்படலம் அழிகிறது. திறந்த இடுக்குக்குள் அதே தண்ணீரும் சோப்பும் இறங்கி, அங்கேயும் அழற்சியை ஏற்படுத்துகின்றன. வீங்கிய மடிப்பு நகத்தை விட்டு விலகுவதால் இடுக்கு இன்னும் அகலமாகிறது. நகம் உருவாகும் வேர் அந்த மடிப்புக்கு அடியிலேயே இருப்பதால், வீக்கம் வந்து போகும் ஒவ்வொரு முறையும் நகத்தில் குறுக்காக ஒரு பள்ளம் விழுகிறது. உங்கள் நகத்தில் இருக்கும் வரிகள், எட்டு மாதத்தில் எத்தனை முறை வீங்கியது என்பதற்கான கணக்கு.

உப்புத்தண்ணீர் வரும் வீடுகளில் சோப்பு நுரைக்காது என்பதால் தூளும் திரவமும் கூடுதலாகக் கொட்டுவார்கள். அங்கே கை இன்னும் விரைவாகக் கெடும். மெஸ், கல்யாண மண்டபச் சமையல், பிரியாணிக் கடை, துணி துவைத்தல் எல்லாம் ஒரே இனம்தான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் தொழிலில், முடி நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் கலந்த நீரில் கை வைப்பவர்களுக்கு இதே நோய் இன்னும் கடுமையாக வரலாம். குரோமியம் உப்பால் ஒவ்வாமையும் சேர்ந்துகொண்டால் மருத்துவம் சிக்கலாகிவிடும். பீடி இலையை நனைத்து வெட்டும் பெண்களுக்கும் ஓரளவு பொருந்தும்.

நீங்கள் சாப்பிட்ட மாத்திரை ஏன் பலன் தரவில்லை என்பதற்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. இத்தகைய விரலின் இடுக்கிலிருந்து எடுத்துச் சோதித்தால் கேண்டிடா என்ற ஈஸ்ட் பூஞ்சை பல நேரங்களில் வளரும். முன்பு மருத்துவர்களும் அதையே குற்றவாளியாக வைத்து மாதக்கணக்கில் பூஞ்சை மருந்து கொடுத்து வந்தோம். 2002-ல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், நாள்பட்ட நகச்சுற்று உள்ளவர்களுக்கு ஒரு பிரிவினருக்கு ஸ்டீராய்டு களிம்பும் மற்றவர்களுக்குப் பூஞ்சை எதிர்ப்பு மாத்திரைகளும் கொடுத்து ஒப்பிட்டார்கள். களிம்பு தடவிய விரல்களே கூடுதலாகக் குணமாயின, கேண்டிடா ஒழிந்ததா இல்லையா என்பதற்கும் குணமானதற்கும் தொடர்பு தெரியவில்லை. ஈரமான இடம் கிடைத்ததால் குடியேறிய பூஞ்சை அது. இடம் உலர்ந்தால் பெரும்பாலும் தானே போய்விடும். எனவே உங்கள் பூஞ்சை மாத்திரையை இனித் தொடர வேண்டாம் என்பதே என் கருத்து. வேறு காரணத்துக்காக மருத்துவர் கொடுத்திருந்தால் அவரைக் கேட்டு நிறுத்துங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த களிம்பின் பெயரை நீங்கள் எழுதவில்லை. நான்கு நாள் நன்றாக இருந்து பிறகு பழையபடி ஆவதைப் பார்த்தால், கடுமையான ஸ்டீராய்டு ஒன்று, பூஞ்சை மருந்து ஒன்று, ஆன்டிபயாடிக் ஒன்று எனப் பலதைக் கலந்து ஒரே குழாயில் அடைத்து விற்கிறார்களே, அவற்றுள் ஒன்றாக இருக்கும். அதில் உங்களுக்கு நான்கு நாள் சுகம் தந்தது ஸ்டீராய்டு. அப்படியானால் அதையே தொடர்ந்து தடவலாமே என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். தேவையில்லாத ஆன்டிபயாடிக்கும் பூஞ்சை மருந்தும் அரைகுறையாகத் தோலில் பட்டுப் பட்டுத்தான், பிறகு நிஜமாகத் தேவைப்படும் நாளில் அவை வேலை செய்யாமல் போகின்றன. இந்தக் கலவைகளின் புண்ணியத்தில் அடங்காத படர்தாமரையோடு வருபவர்களை இன்று நாட்டின் எந்தத் தோல் மருத்துவப் பிரிவிலும் பார்க்கலாம். ஸ்டீராய்டு தனியாக, இன்ன வலிமையில், இத்தனை வாரம் என்று ஒருவர் பார்த்து எழுதித் தர வேண்டும். வழக்கமாக இரவில் ஒரு முறையோ, காலையும் இரவுமோ, இரண்டு முதல் நான்கு வாரம் வரை கொடுத்து, மடிப்பு வற்றியதும் குறைத்து நிறுத்துவோம். நீண்ட நாள் தேவைப்படுபவர்களுக்குத் தோலை மெலியச் செய்யாத டாக்ரோலிமஸ் களிம்புக்கு மாற்றுவோம். உங்கள் நடுவிரலை நேரில் பார்க்காமல் அளவைச் சொல்வது சரியாகாது.

அந்த நடுவிரலின் பச்சை நிறம் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா சுரக்கும் நிறமிப் பொருளால் வருவது. தண்ணீரில் வாழும் கிருமி. நகம் சதையை விட்டுப் பிரிந்த இடைவெளியில் தங்குகிறது. நிறம் பயமுறுத்தினாலும் மருத்துவம் எளிது: பிரிந்து நிற்கும் நகத்தை மட்டும் வெட்டிவிட்டு, சமையலுக்கு வாங்கும் வெள்ளை வினிகர் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து, ஒரு நாளைக்கு ஒருமுறை பத்து நிமிடத்துக்கு மேற்படாமல் விரலை வைத்துத் துடைத்து உலர்த்தினால் போதும். தோல் வெடித்திருந்தால் எரியும், அப்போது தவிர்த்துவிடலாம். பச்சை மறைந்து கறுப்பு மட்டும் நீடித்தால், அல்லது கறுப்பு நகத்தைத் தாண்டித் தோலிலும் படர்ந்திருந்தால், அதைத் தள்ளிப் போடாமல் உடனே காட்டுங்கள். அரிதாக அது மெலனோமா என்ற புற்றுநோயின் முதல் அடையாளமாக இருப்பதுண்டு.

பரிசோதனைகள் அதிகம் தேவையில்லை. 46 வயதில் மூன்று விரலில் நீடிக்கும் நகச்சுற்றுக்கு, சாப்பிடும் முன் சர்க்கரையும், ஹெச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சராசரியும் பார்த்தே ஆக வேண்டும். முன்னது 126 மி.கி.யும் (100 மி.லி. ரத்தத்தில்) அதற்கு மேலும், பின்னது 6.5 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை நோய் என்று கொண்டு, அதை அடக்காமல் விரலை மட்டும் பார்ப்பதில் பயனில்லை. நகத்துக்குள்ளேயே பூஞ்சை இருக்கிறதா என்ற ஐயம் வந்தால், நகத்தைச் சுரண்டிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்போம். சீழ் வந்தால் மட்டும் வளர்ப்புச் சோதனை. எலும்பு பாதித்திருக்கலாம் என்று தோன்றினால் மட்டும் எக்ஸ்ரே.

பூண்டு உரிப்பது யார் வேலை என்று உங்களைக் கேட்க நினைக்கிறேன். பூண்டை இடது கையின் கட்டை, ஆள்காட்டி, நடு விரல்களால் பிடித்து வலது கையால் உரிப்பதும் நறுக்குவதும் வழக்கம் என்பதால், பூண்டு ஒவ்வாமை பெரும்பாலும் பிடிக்கும் கையின் அந்த மூன்று விரல்களில்தான் வரும். உங்களுக்கோ மாவு கரைத்து நாரால் தேய்க்கும் வலது கையில் வந்திருப்பதால் தண்ணீர் மேல்தான் என் சந்தேகம். நீங்கள் இடது கைப் பழக்கம் உள்ளவர் என்றால் கணக்கு மாறும். அப்போது, சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டி வைத்து ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்கும் ஒட்டுச் சோதனை ஒன்று செய்து பார்ப்பது நல்லது.

எல்லா மருந்தையும்விடப் பெரிய மருத்துவம் கையை நனைக்காமல் இருப்பது. மெஸ் நடத்துபவரிடம் இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம் என்று அறிவேன். ஆனாலும் மூன்று மாதத்துக்காவது பாத்திரம் தேய்க்கும் வேலையை முழுவதுமாக வேறு ஒருவரிடம் விட்டுவிடுங்கள். அதற்காகும் கூலி, எட்டு மாதமாக மருந்துக் கடையில் கொடுத்ததைவிட வீணாகப் போகாது. அந்த ஒருவருக்கும் இதே நோய் வராமலிருக்கக் கையுறை வாங்கிக் கொடுங்கள். நீங்கள் தொட்டே ஆக வேண்டிய ஈர வேலைகளுக்கு உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, மேலே நைட்ரைல் அல்லது வினைல் கையுறை என்று இரண்டும் அணிய வேண்டும். வெறும் ரப்பர் கையுறை மட்டும் போட்டால், சித்திரை வைகாசியில் அடுப்படியில் நின்று பத்து நிமிடத்தில் உள்ளே வியர்வை ஊறி, நனைக்காமலேயே நனைத்ததாகிவிடும். இருபது நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து போட்டிருக்காதீர்கள். பருத்திக் கையுறை நனைந்ததும் மாற்றுவதற்கு நான்கைந்து ஜோடிகள் கைவசம் இருக்கட்டும். கை கழுவிய ஒவ்வொரு முறையும் நகக்கண்ணை ஒற்றித் துடைத்து, வாசனை இல்லாத வெள்ளை வாசலீன் பூசுங்கள். நகக்கண்ணை எதைக் கொண்டும் தள்ளாதீர்கள், சுரண்டாதீர்கள். நகத்தடியில் சேரும் மாவைக் குச்சியால் குத்தி எடுக்கும் பழக்கம் இருந்தால் அதை முதலில் விடுங்கள்.

கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் வளரும்; வேரிலிருந்து நுனிவரை முழு நகமும் புதிதாக வர ஆறு மாதம் ஆகும். வீக்கம் மூன்று நான்கு வாரத்தில் வற்றிவிடலாம். அழிந்த தோல்படலம் திரும்ப ஒட்டி வளர மூன்று மாதமாவது வேண்டும். வரி விழுந்த நகம் வெட்டி வெட்டித்தான் போக வேண்டும். தை மாதத்துக்குள் விரல்கள் வலியும் வீக்கமும் இல்லாமல் இருக்கும் என்று நம்பலாம். நகம் பழைய வழவழப்போடு இருக்குமா என்பது இன்றிலிருந்து தைக்கு எத்தனை மாதம் என்பதைப் பொறுத்தது. கல்யாணத்துக்கு அரைத்த மருதாணி இலை வைத்துக்கொள்ளலாம், தோலில் வெடிப்பு இல்லாதபோது. உடனே கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்கும் கோன் வேண்டாம். அதில் தலைச்சாயத்தில் உள்ள பிபிடி என்ற ரசாயனத்தைக் கலந்திருப்பார்கள், உங்கள் கையில் அது கொப்புளம் கிளப்பும்.

நகத்தை எடுத்துவிடுவது இந்த நோய்க்கு மருத்துவம் அல்ல. நோய் நகத்தில் இல்லை, அதன் மேலுள்ள மடிப்பில் இருக்கிறது. நகத்தைப் பிடுங்கினால் வருகிற புது நகமும் அதே வீங்கிய மடிப்புக்கு அடியிலிருந்துதான் வர வேண்டும். ஒழுங்காக உலர வைத்து, சரியான களிம்பு போட்டும் மாதக்கணக்கில் அடங்காமல் மடிப்பு இறுகித் தடித்துப்போனவர்களுக்கு மட்டும், அந்தத் தடித்த மடிப்பைப் பிறை வடிவில் வெட்டி எடுக்கும் சிறு அறுவை சிகிச்சை உண்டு. உங்களுக்கு அந்தக் கட்டம் வந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

வேலூரில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, சி.எம்.சி.யிலோ, கரிகிரியிலோ தோல் மருத்துவரைப் பார்க்கும்போது, இதுவரை தடவிய களிம்புக் குழாய்கள், மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், காலியானவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். முகப்பருவுக்கான ஐசோட்ரெடினாயின் மாத்திரையும், புற்றுநோய்க்கான சில மருந்துகளும் நகச்சுற்றைக் கொண்டுவரும் என்பதால், தோலோடு தொடர்பில்லாதது என்று நீங்கள் நினைக்கும் மாத்திரைகளையும் காட்டுங்கள். போகும் நாளுக்கு முன் ஒரு வாரம் களிம்பு எதுவும் தடவாதீர்கள். நெயில் பாலிஷும் வேண்டாம். மூன்று விரலில் இரண்டு ஆறி ஒன்று மட்டும் ஆறாமல் நின்றால், அந்த ஒரு விரலிலிருந்து சிறு சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கலாமா என்று நீங்களே கேளுங்கள். நகச்சுற்றுப்போல் தோற்றம் காட்டும் தோல் புற்றுநோயும் காசநோயும் அப்படித்தான் பிடிபடும்.